ஓசியில் செய்த வேலை

சென்னையில் ஓசி என்றால் என்னவென்று யாருக்கும் சொல்ல வேண்டாம். ஓசி டீ, ஓசி சினிமா டிக்கெட், பக்கத்து வீட்டு ஓசிப் பேப்பர். அதனால் லண்டனில் இருக்கும் பழைய அலுவலக நண்பன் போனில் "உன் ஓசி ரெண்டு எப்படி இருக்கு? ஸ்ட்ராங்கா?" என்று கேட்டபோது எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிரிட்டனின் குளோபல் டேலன்ட் விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் ஆப்ஷனல் கிரைட்டீரியா, அதாவது விருப்ப நிபந்தனைகள், என்பதைச் சுருக்கி அப்படிச் சொல்கிறார்கள். அதில் இரண்டாவது, சம்பள வேலைக்கு வெளியே தொழில்நுட்பத் துறைக்கு ஒருவர் செய்த பங்களிப்பும் அதற்குக் கிடைத்த அங்கீகாரமும். நம் ஊர்க் கணக்கில் பார்த்தால், ஓசியில் செய்த வேலைதான் ஓசி 2. இவ்வளவு பொருத்தமாக யாரும் திட்டமிட்டுப் பெயர் வைத்திருக்க முடியாது.

இந்த விசா 2020 பிப்ரவரியில் வந்தது. அதற்கு முன் வேறு பெயரில் இருந்ததன் தொடர்ச்சி. வேலை தருகிற கம்பெனி தேவையில்லை, ஸ்பான்சர் தேவையில்லை. பதிலுக்கு, இந்த ஆள் துறையில் முன்னணியில் இருக்கிறவர், அல்லது இருக்கப் போகிறவர் என்று ஓர் அமைப்பு சான்று தர வேண்டும். டிஜிட்டல் தொழில்நுட்பத்துக்கு அந்த அமைப்பு டெக் நேஷன். கட்டாய நிபந்தனை ஒன்று: கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் துறையில் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அதோடு நான்கு விருப்ப நிபந்தனைகளில் இரண்டைக் காட்ட வேண்டும். மொத்தம் பத்து ஆவணங்கள்தான், ஒவ்வொன்றும் மூன்று பக்கத்துக்கு மிகாமல். மூன்று பரிந்துரைக் கடிதங்கள். ஒரு சுயவிவரம், ஆயிரம் சொற்களுக்குள் ஒரு சொந்தக் கூற்று. நேர்முகத் தேர்வு கிடையாது. காகிதம் மட்டுமே பேசும்.

தன்னார்வ வேலையை எல்லா நாடும் இப்படி மதிப்பதில்லை. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்றத் திட்டத்தில் சம்பளமோ கமிஷனோ வாங்கிச் செய்தால்தான் அது அனுபவம். சும்மா செய்தது சும்மாதான். ஆஸ்திரேலியாவிலும் வாரத்துக்கு 20 மணி நேரமாவது காசுக்கு வேலை பார்த்திருந்தால்தான் கணக்கில் வரும். என் மைத்துனர் ஆஸ்திரேலியாவுக்குப் பாயின்ட் எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் "சனிக்கிழமை சனிக்கிழமை சும்மா சொல்லிக்கொடுக்கப் போறீங்களே மாப்ள, அதுக்கு எத்தனை பாயின்ட்?" என்று கேட்பார். பூஜ்யம் என்பேன். அவர் அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே கேட்டார் என்று நினைக்கிறேன்.

சென்னைக்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மற்ற நிபந்தனைகளில் இரண்டு, சொந்தமாகத் தயாரிப்பு வைத்திருக்கும் நிறுவனத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பவை. அவுட்சோர்சிங், கன்சல்டிங், வாடிக்கையாளருக்கு ஆள் அனுப்பும் வேலை இவையெல்லாம் அதில் சேராது. பழைய மகாபலிபுரம் சாலையில் காலை எட்டரை மணிக்கு நிற்கிற கம்பெனி பஸ்களை எண்ணிப் பாருங்கள். அதில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் சேவை நிறுவனத்துக்காரர்கள். ஐரோப்பிய வங்கி ஒன்றின் முழு அமைப்பையும் தோளில் சுமக்கிறவர் அந்த பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போவார், ஆனால் இந்த விசாவின் கண்ணுக்கு அவர் தெரியமாட்டார். நானும் சிறுசேரியில் ஏழு வருடம் அப்படித்தான் இருந்தேன். பிறகு தரமணியில் ஒரு சின்னத் தயாரிப்பு நிறுவனத்துக்கு மாறினேன். அந்த மாற்றம் தற்செயலானது. வீட்டுக்கு அருகில் என்பதுதான் முக்கியக் காரணம். அதனால் ஒரு நிபந்தனை தானாகவே தேறியது. இன்னொன்றுக்கு ஓசி 2.

அது எனக்குச் சுலபம் என்றுதான் நினைத்தேன். எட்டு வருடமாகச் சனிக்கிழமைகளை எனக்கென்று வைத்துக்கொண்டதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டில் கரண்ட் வந்ததும் செய்த முதல் வேலை, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்தில் மூழ்கிய தெருக்களைக் குறித்தது. முடிச்சூரில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று அங்கிருந்தவர்கள் போனில் சொல்லச் சொல்ல நான் குறித்தேன். அந்தப் பழக்கத்தில்தான் கட்டற்ற மென்பொருள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடியது) நண்பர்கள் அறிமுகமானார்கள். 2016 முதல் மாதாந்தரக் கூட்டம். 2017 முதல் வேளச்சேரி பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஸ்க்ராட்ச், பிறகு பைத்தான் என்ற நிரல்மொழிகள். இடையில் தமிழ் எழுத்து சம்பந்தமாக ஒரு சின்ன நிரல்.

விண்ணப்பத்துக்கான முதல் கோப்பின் தாள்களை அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அடுக்கினேன். நங்கநல்லூர் வீட்டில் அந்த மேசை ஒன்றுதான் பெரியது. எனக்கு மிகவும் பெருமையான ஆவணம் ஒரு நோட்டு: நீளமான, கோடு போட்ட அக்கவுன்ட் நோட்டு, அட்டையில் ஒரு பிள்ளை வரைந்த ஆரஞ்சுப் பூனை. உள்ளே ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்த பிள்ளைகளின் பெயர்கள், அவர்கள் கையாலேயே எழுதியவை. முதல் பக்கத்தில் கோணல்மாணலாக எழுதிய பெண், நாற்பதாவது பக்கத்தில் பெயருக்குக் கீழே அடிக்கோடு போட்டுக் கையெழுத்தே வைத்திருப்பாள்.

கடிதம் கேட்கத் தலைமையாசிரியையிடம் போனேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது அவருக்கு.

"என்ன தம்பி எழுதணும்? நீங்களே எழுதிக் கொண்டாங்க, சீல் வெச்சுக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"இல்ல டீச்சர், நீங்க எழுதினாத்தான் சரியா இருக்கும்."

மறுவாரம் ஒரு முழுத்தாளில் நீல மையில் எழுதிக் கொடுத்தார். இவர் ஒரு தங்கமான மனிதர், ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை (தவறியிருக்கிறேன்), பிள்ளைகள் இவரைக் கம்ப்யூட்டர் மாமா என்று அழைப்பார்கள், இவர் எந்த நாடு சென்றாலும் அந்த நாட்டுக்குப் பெருமை. ஸ்கூட்டரில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு வண்டியைக் கிளப்பக் கொஞ்ச நேரம் ஆனது. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, சான்றொப்பம் வாங்கி, மூன்று பக்கத்துக்குள் அடக்கி, ஆறாவது ஆவணமாக வைத்தேன். நோட்டின் பக்கங்கள் ஏழாவது. வெள்ளத்தின் வரைபடம் எட்டாவது.

2024 தொடக்கத்தில் 524 பவுண்டு கட்டி அனுப்பினேன். அன்றைய மதிப்பில் ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய்க்குப் பக்கம். சில வாரங்களில் மறுப்பு வந்தது. கட்டாய நிபந்தனை சரி, நிறுவன வேலை சரி, ஓசி 2 தேறவில்லை.

கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. அன்று இரவு மனைவியிடம் "பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தா அது பங்களிப்பு இல்லையாம்" என்று பொரிந்து தள்ளினேன். 28 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், கட்டணம் இல்லை. ஆனால் புதிதாக ஒரு தாள்கூடச் சேர்க்க முடியாது. ஏற்கெனவே கொடுத்ததைத் தவறாக மதிப்பிட்டார்கள் என்று மட்டும்தான் வாதாடலாம். வாதாட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் தவறாக மதிப்பிடவில்லை. தப்பு என் மேல்தான்.

எங்கள் கூட்டத்துக்கு ஆரம்பத்திலிருந்து வருகிற ஓர் அக்கா இருக்கிறார், தரவுத்தள நிபுணர், அம்பத்தூர்க்காரர். கோப்பை அவரிடம் காட்டினேன். பத்து ஆவணங்களையும் மடிக்கணினியில் பொறுமையாகப் படித்தார். முடித்துவிட்டு, "இதைப் படிச்சா நீ நல்லவன்னு தெரியுதுடா. அவங்க அதைக் கேக்கவே இல்லையே" என்றார்.

பிள்ளைகளுக்கு ஸ்க்ராட்ச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு நல்லது. ஸ்க்ராட்சுக்கோ கணினித் துறைக்கோ அதனால் ஒன்றும் மாறவில்லை. கேள்வி துறையைப் பற்றியது. வழிகாட்டுதலைக் கணக்கில் சேர்ப்பார்கள், ஆனால் தேர்ந்தெடுக்கும் முறையும் ஒழுங்கும் உள்ள திட்டமாக, துறையில் இருப்பவர்களுக்கு வழிகாட்டுவதாக இருக்க வேண்டும். வெள்ள வரைபடம் துறை சார்ந்ததுதான், ஆனால் 2015. ஐந்து ஆண்டு வரம்பைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. தேதியைப் பார்க்காமல் அதை வைத்தது என் பாசம்.

"அந்த கௌரி மேட்டர் எங்கடா?" என்றார் அக்கா. "அதை ஒம்பதாவது பேப்பர்ல கால் பக்கத்துல எழுதி வெச்சிருக்க."

அந்த கௌரி மேட்டரைச் சொல்ல வேண்டும். 2018இல் திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு பழைய நூலகத்தின் புத்தகப் பட்டியலைத் தட்டச்சுச் செய்து கணினியில் ஏற்றினோம். தன்னார்வலர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு விசைப்பலகை முறை. ஏற்றி முடித்த பிறகு நூலகர் ‘கௌரி’ என்று தேடினார். இரண்டு புத்தகம் வந்தது. அலமாரியில் அவருக்குத் தெரிந்தே ஒன்பது இருந்தன. காரணம் கண்ணுக்குத் தெரியாது. கௌ என்ற எழுத்தில் வரும் ஔகாரத்துக்கு யூனிகோடில் (எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொதுத் தரநிலை) தனிக்குறி உண்டு. ஆனால் அதன் கடைசிப் பகுதி பார்க்க ‘ள’ மாதிரியே இருப்பதால் பாதிப் பேர் கெ தட்டி, பக்கத்தில் ள தட்டிவிடுகிறார்கள்: கெளரி. திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள்.

இதோடு கொ, கோ சிக்கலும் உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். இதற்கு யூனிகோடே மருந்து வைத்திருக்கிறது. இரண்டும் சமம் என்று தரநிலையிலேயே இருப்பதால் ஒரு வரி நிரலில் சரியாகிவிடும். ஸ்ரீ கொஞ்சம் மோசம். அதை ஸ போட்டும் எழுதலாம், ஶ போட்டும் எழுதலாம், ஸ்ரீ ஒரே உருவில்தான் தெரியும். தரநிலை இவை இரண்டையும் சமம் என்று சொல்வதில்லை. ஆனால் கௌ/கெள சிக்கலுக்குத் தரநிலையில் மருந்தே கிடையாது. ஏனென்றால் அது குறியீட்டுப் பிழையே அல்ல, எழுத்துப் பிழை. ள ஓர் உண்மையான எழுத்து.

நான் அப்போது செய்தது, கொம்புக்கு அடுத்து ள வந்தால் ஔகாரமாக மாற்று என்று ஒரு விதி. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏற்றினேன். திங்கட்கிழமை நூலகர் கூப்பிட்டார். கௌரி ஒன்பதும் வந்துவிட்டாள், ஆனால் மீன்களைப் பற்றிய ஒரு புத்தகத்தில் கெளுத்தியைக் காணவில்லை. என் விதி அதையும் ஔகாரம் ஆக்கி, மேலே ஒட்டிக்கொண்ட உகரத்தோடு ஒரு புள்ளிவட்டமாகக் காட்டிக்கொண்டிருந்தது. சரி, ள மேல் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் தொடாதே என்று திருத்தினேன். தெளிவு, வெள்ளம், கெளுத்தி எல்லாம் பிழைத்தன. அடுத்து, பேச்சுத் தமிழில் எழுதிய கதைத் தொகுப்பு ஒன்றில் ‘வெளங்காதவன்’ மாட்டினான். அவனுக்கு உயிர்க்குறியும் இல்லை, புள்ளியும் இல்லை. வௌவாலை ‘வெளவால்’ என்று எழுதியதற்கும் வெளங்காதவனுக்கும் உருவில் ஒரு வித்தியாசமும் கிடையாது. சொற்பட்டியல் வைத்துத்தான் பிரிக்க முடியும். அந்தப் பட்டியலைச் சேர்க்க எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கு நாலு சொல் கொண்டுவருவார்கள். மதுரைக்காரர் ஒருவர் கொண்டுவந்த சொற்கள் பாதி திட்டுகிற சொற்கள்.

அது மற்றவர்களும் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும்படி பைத்தான் நிரல்தொகுப்பாகப் பொதுவில் வைக்கப்பட்டது. 2021இல் ஜெர்மனியிலிருந்து ஒருவர் அதன் பக்கத்தில் கேள்வி எழுப்பினார். தேடல் மென்பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றில் முதன்மைப் பொறியாளர். தமிழ் தெரியாது. எங்கள் நிரலைத் தங்கள் தயாரிப்பில் சேர்த்திருக்கிறார்கள், வேகம் போதவில்லை என்றார். ஒன்றரை வருடம் அந்த ஒரே உரையாடல் இழையில் முப்பது நாற்பது முறை பேசியிருப்போம். ஒரு தடவைகூட நான் யார், எங்கே வேலை என்று அவர் கேட்டதில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இதைத்தான் நான் கால் பக்கத்தில் அடக்கியிருந்தேன். பொழுதுபோகாமல் செய்தது, தூங்கி எழுந்து செய்தது, பனியன் போட்டுக்கொண்டு செய்தது. பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது தொண்டு. எழுத்துப் பிழை திருத்துவது எப்படித் தொண்டாகும்? மனதுக்குள் இருந்த இந்தத் தரவரிசைதான் கோப்பிலும் இருந்தது. விசாவின் தரவரிசை அதற்கு நேர் தலைகீழ்.

சரி, அதையே முன்னால் வைக்கலாம் என்று ஆதாரம் தேடப் போனால் அடுத்த அடி. 2018, 2019இல் நான் எழுதிய நிரல்கள் பெரும்பாலும் ஒரு பழைய கணினியில் செய்தவை. அதில் பெயரும் மின்னஞ்சலும் அமைக்காமலேயே விட்டிருந்தேன். அதனால் நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் அந்தக் கமிட்டுகள், அதாவது பதிவான திருத்தங்கள், ‘ரூட்’ என்ற அனாமதேயத்தின் பெயரில் கிடக்கின்றன. நல்ல மின்னஞ்சல் முகவரியாக இருந்தால் இப்போதும் கணக்கில் சேர்த்து உரிமை கொண்டாடலாம். அந்தக் கணினி தானாகவே இட்டுக்கொண்ட முகவரிக்கு யார் சரிபார்ப்பு அஞ்சல் அனுப்புவது? கெளுத்தியைக் காப்பாற்றியது ரூட் என்பவர். அவருக்கு விசா கிடைக்கலாம்.

கூட்டக் குறிப்புகளைத் தேடினேன். எங்கள் குழுவில் மாதாமாதம் குறிப்பு எழுதுகிறவன் நான்தான். ‘2019 மார்ச்: தமிழ் எழுத்துக் குறியீட்டுச் சிக்கல்கள் குறித்து நண்பர் ஒருவர் பேசினார். கலந்துரையாடல் நன்றாக இருந்தது. டீ, சமோசா.’ அந்த நண்பர் ஒருவர் நானேதான். சொந்தப் பெயரைச் சொந்தக் கையால் எழுதக் கூச்சம். அடுத்த மாதமும் நண்பர் ஒருவர். வருடம் முழுக்க நண்பர் ஒருவர் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். மற்றவர்கள் பேசியதற்கெல்லாம் பெயர் போட்டிருக்கிறேன், இன்ஷியலோடு. அக்கா அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

நம் வளர்ப்பு அப்படி. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கோயிலுக்கு ட்யூப் லைட் கொடுத்தால் அதில் வெளிச்சம் வராத அளவுக்கு உபயம் எழுதுகிறவர்களும் நாமேதான். நான் இடது கைக் கட்சி என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கூச்சத்தால் எழுதாமல் விட்டதில் என் பெயர் மட்டும் போகவில்லை. அந்த நிரலில் இன்ன திருத்தம் ஏன் செய்யப்பட்டது, யாரிடம் கேட்பது என்ற தகவலும் சேர்ந்து போயிருக்கிறது. பின்னால் வந்த ஒரு பையன் வெளங்காதவன் விதியைத் தேவையில்லாதது என்று நினைத்து ஒருமுறை நீக்கியே விட்டான்.

இதற்கு நடுவில் அண்ணா சாலைப் பக்கம் ஒரு கன்சல்டன்சிக்கும் போய்வந்தேன். பெயர் வேண்டாம். ஏசி அறை, சுவரில் பிக்பென் படம். கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், "சார், உங்களுக்கு வாலன்டியர் சைடு வீக்கா இருக்கு. ஸ்பீக்கர், ஹேக்கத்தான் ஜட்ஜ், மென்டார் மூணும் ஒரு பேக்கேஜா பண்ணிடலாம். ரெண்டு மாசத்துல சர்ட்டிபிகேட் வந்துடும்" என்றார் அந்த இளைஞர். மிகவும் மரியாதையான பையன், காபி கொடுத்தார். நான் கேட்டது ஒன்றுதான்: "யாருக்கு மென்டார்?" அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

அந்தச் சான்றிதழ் எவ்வளவு செல்லும் என்று மதிப்பிடுபவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். விண்ணப்பத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன் தொடங்கி, விண்ணப்பத் தேதிக்கு முந்தைய வாரம் முடிகிற சேவை. அச்சடித்த எல்லாவற்றிலும் ஒரே தங்க நிற ஓரம். அதே அறையில் காபி குடித்த இன்னும் பத்துப் பேர் அதையே அனுப்பியிருப்பார்கள். எங்கள் இழையில் 2021 நவம்பரில் ஜெர்மானியர் எழுப்பிய கேள்வியை 2024இல் யாரும் தயாரிக்க முடியாது. பொய் சொல்லக்கூடாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பொய்க்கு இங்கே வேலை அதிகம், பலன் குறைவு.

இரண்டாவது கோப்பில் ஓசி 2க்கு மூன்றே ஆவணம். ஒன்று, நிரலின் கதை: நூலகப் பட்டியலில் தேடல் முன்பு எப்படி, பின்பு எப்படி, யார் யார் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். பதிவிறக்க எண்ணிக்கை போடலாமா என்று யோசித்தேன். மாதம் சில ஆயிரம் வரும், ஆனால் அதில் பாதி எங்கள் சோதனை சர்வரே திரும்பத் திரும்ப இறக்கிக்கொள்வது. அதை விட்டுவிட்டேன். எங்கள் நிரலைச் சார்ந்திருக்கும் மற்ற திட்டங்களின் பட்டியல் போதும் என்றார் அக்கா. இரண்டு, ஜெர்மானியரோடு நடந்த இழை, தேதிகளோடு, மூன்று பக்கத்துக்குச் சுருக்கி. மூன்று, வேறு ஊர்க் குழுக்களும் ஒரு கல்லூரியின் கணினித் துறையும் இதைப் பற்றிப் பேச அழைத்த மடல்களும் நிகழ்ச்சி நிரல்களும். அவர்கள் நல்லவர்கள், என் பெயரைப் போட்டிருந்தார்கள்.

பரிந்துரைக் கடிதங்களையும் மாற்றினேன். முதல் தடவை மூன்றும் என்னோடு டீ குடித்தவர்களின் கடிதம். எழுதுகிறவர் துறையில் பெயர் பெற்றவராக, குறைந்தது பன்னிரண்டு மாதமாக உங்கள் வேலையை அறிந்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. உங்களை அறிந்தவராக என்று இல்லை, வேலையை. தயங்கித் தயங்கி ஜெர்மானியருக்கு எழுதினேன். ஒரே நாளில் பதில்: தாராளமாக, ஆனால் உங்கள் முழுப் பெயர் என்ன?

வந்த கடிதத்தில் தங்கமான மனிதர் என்ற பேச்சே இல்லை. இந்தத் தேதியில் இந்தப் பிரச்சினை, இவர் இப்படித் தீர்த்தார், தீர்த்திருக்காவிட்டால் நாங்கள் தமிழைக் கைவிட்டிருப்போம், இவர் பிரிட்டனில் இருந்தால் அங்குள்ள இன்னின்ன வேலைகளுக்குப் பயன்படுவார். ஒன்றரைப் பக்கம். ஒரு பெயரடைகூட அதிகம் இல்லை. ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ் மாதிரி இருந்தது, நான் அழுதுவிட்டேன். தலைமையாசிரியையின் கடிதம் படித்தபோது ஸ்கூட்டரைக் கிளப்ப முடியாமல் இருந்தது வேறு, இது வேறு.

இந்த வேலையெல்லாம் செய்துகொண்டிருந்த மாதங்களில் எனக்கு உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை கூட்டத்தில் யாராவது நன்றி சொன்னால், ‘இதை மடலில் அனுப்பச் சொல்லலாமா’ என்று தோன்றும். ஒருநாள் ஒரு பெண் மேடையேறிப் பேசிக்கொண்டிருக்கும்போது, அவளை நான்தான் முதலில் பேச அழைத்தேன் என்பதற்கு ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். அவள் என்ன பேசினாள் என்று இன்றுவரை தெரியாது. கோப்பு அனுப்பிய பிறகு அந்தப் பழக்கம் போக இரண்டு மாதம் ஆனது.

2024 அக்டோபரில் மறுபடி 524 பவுண்டு. இந்த முறை ஒப்புதல் வந்தது. அப்புறம் நடந்ததெல்லாம் பணமும் கியூவும்தான். மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு 192 பவுண்டு. காசநோய்ப் பரிசோதனை. கைரேகை. மனைவிக்கும் மகளுக்கும் தலைக்கு 716. அதற்கும் மேலே மருத்துவக் கூடுதல் கட்டணம், பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035, குழந்தைக்கு 776, எத்தனை வருடத்துக்கு விசா கேட்கிறோமோ அத்தனைக்கும் முன்கூட்டியே. விண்ணப்பக் கட்டணம் பிறகு ஏறிவிட்டது; விதிகளும் அவ்வப்போது மாறும், நீங்கள் போடும்போது அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று வருடத்துக்கு எடுத்தோம். மைத்துனர் மொத்தத் தொகையைக் கேட்டுவிட்டு, "ஓசியில செஞ்ச வேலைக்கு நல்ல செலவுதான் மாப்ள" என்றார்.

கிளம்புவதற்கு முன் கடைசி மாதக் கூட்டம். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். நிரலின் பொறுப்பை அக்காவிடமும், வெளங்காதவன் விதியை நீக்கிய அதே பையனிடமும் ஒப்படைத்தேன். அவன்தான் இப்போது அந்த விதியை ஊரில் எவரைவிடவும் நன்றாக அறிந்தவன். தாம்பரத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவன் முதல் தடவையாக வந்திருந்தான். பட்டியலில் இல்லாத ஒரு சொல்லைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருந்தான்: ‘வெளக்குமாறு’. இத்தனை வருடத்தில் எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. எல்லாரும் கைதட்டினோம்.

சமோசா சாப்பிடும்போது மெதுவாகப் பக்கத்தில் வந்தான். "அண்ணா, இதுக்கு சர்ட்டிபிகேட் ஏதாச்சும் குடுப்பீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"சர்ட்டிபிகேட் இல்ல தம்பி. உன் லேப்டாப்பைத் திற" என்றேன். திருத்தங்களைப் பதியும் கிட் மென்பொருளின் அமைப்பில் அவன் பெயரும் மின்னஞ்சலும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தோம். இல்லை. போட வைத்தேன். அந்தச் சொல்லை அவனையே சேர்க்கச் சொன்னேன். பிறகு அன்றைய கூட்டக் குறிப்பைத் திறந்து, தேதிக்குக் கீழே முதல் வரியாக அவன் பெயரைத் தட்டினேன். "இன்ஷியல் என்னப்பா?" என்று கேட்டேன்.

"ரெண்டு இருக்கு அண்ணா, ரெண்டும் போடணுமா?"

இரண்டையும் போட்டேன்.